மண்டலம் பதின்மூன்று

முப்பத்தொன்று என்று அடிக்க வேண்டிய பெட்டியில்
பதின்மூன்றை அடித்துவிட்டேன்.
தமிழில் சொல்லிப் பார்த்திருந்தால் தப்பியிருப்பேன்,
ஒலியில் இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.
இலக்கங்களுக்குத்தான் இந்தப் புத்தி,
கொஞ்சம் அசந்தால் இடம் மாற்றி உட்கார்ந்துகொள்ளும்.

ஆக, பிக்கார்டியின் ஒன்பதாம் நூற்றாண்டுச் சிற்றூர் ஒன்று,
இருநூற்றுப் பதினான்கு தூண்குழிகள்,
பதினொரு தானியக் குழிகள், நான்கு அடுப்புகள்,
ஒரு நாயின் முழு எலும்புக்கூடு சகிதம்
செவ்வாய்க்கிழமை இரவு அட்லாண்டிக்கைத் தாண்டி
சஸ்காச்சுவானில், மூஸ் ஜாவுக்குத் தெற்கே
யாருடையதோ கோதுமைக்குள் இறங்கியது.
விசா கேட்கவில்லை யாரும்.

ஒடீல் மார்ஷில்டன் சிரித்தார்.
"திங்கட்கிழமைக்குள் திருத்து."
முப்பது வருஷமாக அவருக்கு ஒரே ஒரு சொல்லோடு சண்டை:
கைவிடப்பட்ட ஊர்.
ஊர் சாகவில்லை என்பார்.
தலைமுறைக்கு இரண்டு வயல் தள்ளித் தள்ளி
தூக்கத்தில் புரண்டு படுப்பவர்போல் நகர்ந்தது,
நாம் அளப்பது
அது முன்பு படுத்திருந்த பள்ளத்தை.
எனக்கு அவ்வளவு தெரியாது. எனக்கு நிறம் தெரியும்.
தூண் உளுத்த இடத்தில் மண் கறுத்திருக்கும்,
படத்தில் அந்தக் கறுப்புக்கு ஓர் எண் கொடுப்பேன்.
மணிக்கு இருபத்தேழு டாலர்.

சனிக்கிழமை ரெஜைனாவிலிருந்து வண்டியை எடுத்தேன்,
எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது.
இங்கே சாலைகள் வளைவதில்லை.
அளவைச் சங்கிலி இழுத்தவர்கள்
குட்டையையும் குன்றையும் ஒரு வார்த்தை கேட்காமல்
மைலுக்கொரு கட்டமாகக் கோடு கிழித்துப் போனார்கள்.
ஒரு வீட்டில் கூப்பிட்டால்
அடுத்த வீட்டில் கேட்காது.
கைப்பேசி காட்டிய புள்ளியில் இறங்கினேன்.

அடுப்பு எண் மூன்று இருக்க வேண்டிய இடத்தில்
கரகானா வேலி, ஆளுயரம், நான்கு பக்கமும்.
நடுவில் வீடு இல்லை.
நறுக்குவாரற்ற ருபார்ப், இலை முறம் அகலத்துக்கு.
நிலவறைப் பள்ளத்தில் துருப்பிடித்த கட்டில் சுருள்.
பழக்கத்தில் குனிந்து மண்ணின் நிறம் பார்த்தேன்.

டிராக்டரை நிறுத்திவிட்டு வந்தவர் பெயர் வெர்ன் ஹால்வர்சன்.
வழி தவறியவள் என்று நினைத்திருப்பார்.
"ஓர் ஊரைத் தேடி வந்தேன்."
"இங்கே ஊரே இருந்ததில்லையே."
"இது யார் வீடு?"
"அப்பா ஐம்பத்தெட்டில் வாங்கும்போதே காலி.
பேர் ஏதோ, வாயில் நுழையாத பேர்."
என்னைப் பார்த்துக் கொஞ்சம் கூசினார்.
பிறகு, எதற்கோ ஈடு சொல்வதுபோல்,
"அந்த மேட்டையும் பார்த்துவிட்டுப் போங்கள்."

உழாத மேடு.
புல்லுக்குள் கல் வட்டம், பதினைந்து அடி குறுக்கே,
பாதி மண்ணில் புதைந்து,
கிழக்கில் மட்டும் ஓர் ஆள் நுழையும் இடைவெளி.
கூடாரத்தின் ஓரத்தைக் காற்றிலிருந்து பிடித்துவைத்த கற்கள்.
தோலையும் கழியையும் எடுத்துக்கொண்டவர்கள்
கல்லை விட்டுப் போனார்கள்.
கல்லை எதற்குச் சுமப்பது,
அடுத்த முறை வரும்போது இங்கேதானே இருக்கும்.

"வருஷா வருஷம் ஜூனில் ஒரு வேன் வரும்," என்றார் வெர்ன்.
"பேரன் பேத்திகளோடு. வந்து உட்கார்ந்திருப்பார்கள்.
நான் கேட்டைத் திறந்து வைத்துவிட்டு
வேறு பக்கம் வேலை பார்ப்பேன்."

திங்கட்கிழமை மூன்றையும் ஒன்றையும் வரிசைப்படி அடித்தேன்.
நாயோடு ஊர் திரும்பிப் போனது.
குடியிருப்பு வகை என்ற கட்டத்தில் மூன்று தேர்வுகள்:
செறிந்தது, சிதறியது, கைவிடப்பட்டது.
நான்காவதாக ஒன்று வேண்டும் என்றேன் ஒடீலிடம்.
"என்ன பெயர் வைப்பது?"
தெரியவில்லை.
கேட் திறந்திருந்ததைச் சொன்னேன்.