டப்பாவுக்கு ஒரு கட்டம்

அரசூர்ப் பிரிவில் எங்கள் பம்ப் கம்பெனியில்
மூன்றாம் நம்பர் லேத்துக்கு அடியில்
ஒரு பெயின்ட் டப்பா இருந்தது.
கூலன்ட் சொட்டும், டப்பா வாங்கிக்கொள்ளும்.
சாயங்காலம் நாலே முக்காலுக்கு
நாச்சிமுத்து எடுத்துப்போய் ஊற்றிவிட்டு வருவார்.

கைசன் வந்த வருசம்
புனேக்காரர் ஒருவர், சட்டை கசங்காமல்,
தரை முழுக்க மஞ்சள் கோடு போடச் சொன்னார்.
ட்ராலிக்கு ஒரு கட்டம், விளக்குமாற்றுக்கு ஒரு கட்டம்,
டப்பாவுக்கும் ஒன்று.
பேர்கூட எழுதினோம்:
கூலன்ட் டப்பா. பொறுப்பு நாச்சிமுத்து.
ஆடிட்டில் அதற்கு அஞ்சுக்கு அஞ்சு.
கைதட்டினோம். மைசூர்பாகு கொடுத்தார்கள்.

அவர் போனார்.
போர்டில் ஒட்டிய போட்டோ நீலம் பாரித்தது.
ஆலோசனைப் பெட்டியின் சாவி
ஸ்டோரை மாற்றிய சமயம் எங்கோ போனது.
நிறுத்திவிடலாம் என்று யாரும் முடிவு செய்யவில்லை.
மாசியில் ஆர்டர் குவிந்தது,
கோட்டின் மேல் கேஸ்டிங்கை அடுக்கினோம்,
இந்த ஒரு வாரம் மட்டும் என்று.

சனிக்கிழமைப் பத்து நிமிசத்தை மட்டும்
நான் விடவில்லை.
வைராக்கியம் என்று சொல்லிவிடாதீர்கள்.
ஷிப்ட் முடிந்து வேன் வரப் பத்து நிமிசம் ஆகும்,
அவ்வளவுதான்.
அட்டையும் பென்சிலுமாக ஒரு சுற்று.
டப்பா கட்டத்துக்குள் இருக்கிறதா? டிக்.
நாலு வருசம்,
இருநூத்திச் சொச்சம் டிக்.

ஒடிசாவிலிருந்து வந்த நிரஞ்சன்
சேர்ந்த ஒன்பதாம் நாள் கேட்டான்,
"அக்கா, இந்த டப்பா எதுக்குங்க?"
தமிழில் அவன் முதலில் பிடித்துக்கொண்டது
அந்த 'ங்க'வைத்தான்.
சொட்டுதே, என்றேன்.
"சொட்டறது எதுக்குங்க?"

பென்சில் என் கையிலேயே நின்றது.

வாஷர் பதினோரு ரூபாய்.
மாட்ட ஒரு டீ நேரம்.
அன்றைக்கு நாலே முக்காலுக்கு
நாச்சிமுத்து எழுந்தார், கையைத் துடைத்தார்,
மறுபடி உட்கார்ந்தார்.

கட்டம் மட்டும் தரையில் கிடந்தது.
அட்டையில் பழைய வரியை அடித்துவிட்டு எழுதினேன்:
இங்கே ஒன்றும் இருக்கக் கூடாது.

மூன்று வாரம் ஒன்றும் இல்லை.
நாலாம் சனிக்கிழமை
யாரோ அதற்குள் டீ ஃபிளாஸ்க் வைத்திருந்தார்கள்,
கோட்டைத் தொடாமல், வெகு நேராக.

தூக்கிப் பார்த்தேன்.
அடியில் ஈரம்.

வெளியே வேன் ஹாரன் அடிக்கிறது.
இருங்க, என்று கையைக் காட்டினேன்.