முப்பது செக்கன்

வெள்ளி பின்னேரம் ஆறு மணிக்குச் சீட்டு இழுத்தான் அஸ்மில்.
படத்தில் கட்டாயம் வர வேண்டிய பொருள்: குடை.
கட்டாயம் பேச வேண்டிய வசனம்: ‘மிச்சம் எங்க?’
ஞாயிறு ஆறு மணிக்குள் முடித்து அனுப்ப வேண்டும்.

கல்லடிப் பாலத்தடியில் நின்று
ஏழு பேரும் ஏழு கதை சொன்னோம்.
எல்லாக் கதையிலும் யாரோ ஒருத்தர் செத்தார்.
‘ஆரும் சாகாத கதையொண்டு சொல்லுங்களன்டா’ என்றாள் வேணுஜா.
அதற்குத்தான் விடியும்வரை போனது.

கிடைத்தது இவ்வளவு:
ஒரு பஸ் கண்டக்டர்,
வெயிலில், பஸ்ஸுக்குள்ளும் குடையை மடக்காத ஒரு பெண்,
பத்து ரூபாய் மிச்சக் காசு.

பஸ் எங்களிடம் இல்லை.
கிருபைராஜின் மாமாவுடைய வான்
நாவற்குடாவில் மதிலோரம்
சில்லில்லாமல் கல்லுக்கு மேல் நின்றது.
ஓடுவதுபோல் காட்ட
இரண்டு பேர் பின்னால் நின்று ஆட்டினார்கள்.
ஒருத்தன் தென்னோலையை ஜன்னலோரமாய் இழுத்துக்கொண்டு ஓடினான்,
குனிந்து திரும்பி வந்து
அதே ஓலையோடு மறுபடி ஓடினான்.
கமராவுக்குள் அது
காத்தான்குடி தாண்டிப் போகும் றோட்டு.

என் வேலை ஒலி.
ஒட்டறைத் தடியில் கட்டிய மைக்,
காதில் அக்காவின் ஹெட்போன்.
எங்கள் வாவியில் மீன் பாடும் என்பார்கள்.
எனக்குக் கேட்டதெல்லாம்
கோயில் ஸ்பீக்கர்,
பக்கத்து வளவில் மரம் அரியும் மெசின்,
வசனம் தொடங்கும்போதெல்லாம்
சொல்லி வைத்தாற்போல் வரும் பாண் ஓட்டோவின் மெட்டு.
பன்னிரண்டாவது டேக்கில்
கண்டக்டர் உடுப்போடு ஓடிப்போன அஸ்மில்
இருந்த பாண் முழுவதையும் வாங்கிக்கொண்டு வந்தான்:
‘இனி வரமாட்டான்.’
அன்று பகலும் இரவும் பாண்தான், சம்பலோடு.

சனி இரவு சண்டை.
வேணுஜாவின் முகம் வரும் ஷொட்டை
நீளம் என்று வெட்டினான் டினோஜன்.
‘அப்ப குடையையே வைச்சுப் படமெடு’ என்றாள்,
குடையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.
விடிய வந்தாள், குடையோடு.
கதைக்கவில்லை.
நடித்தாள், போய் இருந்தாள், கூப்பிட்டால் வந்து நடித்தாள்.

ஞாயிறு மூன்றரை. கடைசி ஷொட் முடிய
எல்லோரும் வயர் சுருட்டத் தொடங்கினார்கள்.
‘நில்லுங்க, வானுக்குள்ள இருக்கிற சத்தம் வேணும்,
ஆரும் பேசாத முப்பது செக்கன்.
இல்லாட்டி வெட்டின இடமெல்லாம்
ஓட்டை ஓட்டையாக் கேக்கும்.’
ஆட்டியவர்களையும் உள்ளே ஏற்றிக் கதவைச் சாத்தினேன்.
இடமில்லை. சண்டை பிடித்த இரண்டு பேரும்
ஒரே சீட்டில்.

சிவப்பு லைட் எரிந்தது.
பத்து செக்கன்: ஓர் இலையான், சூடேறிய தகரம்.
பதினைந்து: யாரோ எச்சில் விழுங்கினார்கள்.
இருபத்தொன்றில் யாருடைய வயிறோ
பெரிதாக, நீளமாக, கேள்வி கேட்பதுபோல் பேசியது.
வேணுஜா உதட்டைக் கடித்தாள்.
தோள் குலுங்கியது.
கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த டினோஜனின் தோளும்.
வான்
யாரும் ஆட்டாமலே ஆடியது.

மறுகா என்ன,
ஐந்து ஐம்பத்தாறுக்கு, தொண்ணூற்றெட்டு வீதத்தில்
கரண்ட் போனது.
படம் போய்ச் சேர்ந்தபோது ஆறு ஒன்பது.
‘போட்டியில இல்ல, ஆனா திரையில போடுவம்’ என்றார்கள்.

நாற்பது பேர் இருந்திருப்பார்கள்.
ஓலை மூன்றாவது முறை போனபோது
முன் வரிசைப் பெடியன் ஒருத்தன் சத்தமாய்ச் சொன்னான்:
‘உம்மா, அதே ஓலை!’
அந்தப் பெண் குடைக்குள்ளிருந்து கேட்டாள்: ‘மிச்சம் எங்க?’
கண்டக்டர் பையைத் துழாவினான்.
பதில் இல்லாத அந்த இடத்துக்கு அடியில்
என் முப்பது செக்கனை விரித்திருந்தேன்.
வயிற்றை மட்டும் வெட்டவில்லை.

மண்டபத்தில் ஒருத்தருக்கும் அது விளங்கவில்லை.
பின் வரிசையில்
ஏழு கதிரைகள் ஆடின.