பச்சை மை

காலை ஐந்து நாற்பது.
கைப்பேசி மேசையில் நண்டுபோல் நகர்கிறது.
"ஷென், வங்சா மாஜு, நான்காம் வகுப்பு, முடியுமா?"
ஏஜென்சியில் மிஸ் கோவுக்குச்
செண்பகவல்லி என்பது நீளம்.
முதல் நாளே மடித்துக் கொடுத்துவிட்டேன்,
அவள் வாய் கொள்ளும் அளவுக்கு.

முடியும் என்று தட்டிவிட்டுத்தான்
விளக்கைப் போடுகிறேன்.
மூன்று நிமிடம் தாமதித்தால்
அந்த நாள் வேறொருத்திக்குப் போய்விடும்.
போன வியாழன் அப்படித்தான் போனது,
பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.

செந்தூல் தீமோரில் ஏறி
மஸ்ஜித் ஜாமேக்கில் மாறி
பையை வயிற்றோடு அணைத்தபடி
பின்னங்களை மனசுக்குள் கூட்டிப் பார்க்கிறேன்.
போன வாரம் எனக்கு அறிவியல்.
அதற்கு முன் உடற்கல்வி; விசிலை அவர்களே தந்தார்கள்.

வாசலில் நேப்பாளக் காவலர்
பட்டியலில் ஷென் என்பதைப் பார்க்கிறார்,
என்னைப் பார்க்கிறார்,
பிறகு எனக்குப் பின்னால் பார்க்கிறார்
சீனப் பெண் யாராவது வருகிறாளா என்று.
"நான்தான்," என்கிறேன்.
அவரும் ஏஜென்சி ஆள்தான்.
சட்டையில் தைத்திருக்கும் பெயர் தன்னுடையதில்லை என்று
பிறகொரு நாள் சொன்னார்.

மிஸ் தவமலர் பிரசவ விடுப்பில், மூன்று மாதம்.
ஆனால் என்னை நாள் நாளாகத்தான் கேட்கிறார்கள்.
அவர் நாற்காலி மெத்தையில்
அவருக்குப் பழகிய பள்ளம்.
இழுப்பறையில் சீப்பு, தைலம், பாதி பிஸ்கட்,
இருக்கைப் படத்தின் ஓரத்தில் பென்சிலில்:
ஹசீக் ஜன்னல் பக்கம் வேண்டாம்.
ஜியா ஹுய் அழுதால் ஏன் என்று கேட்காதே, தண்ணீர் கொடு.
எனக்கு எழுதியதில்லை.
இருந்தாலும் கொடுத்தேன்.

சிவப்பு மை நிரந்தர ஆசிரியர்களுக்கு
என்று அலுவலகத்தில் சொன்னார்கள்.
வந்து போகிறவர்களுக்குப் பச்சை.
எதிர்க்கடையில் இரண்டு வெள்ளி இருபது காசு.
ஏஜென்சியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாமாம்.
கேட்கவில்லை.
என் நூற்றிருபது வெள்ளிக்கு மேல்
அவர்களுக்கு எவ்வளவு போகிறது என்றும்
கேட்டதில்லை.

ஒன்பதாம் நாள் யுவதரன்,
ஆங்கிலத்தில் சத்தமாகவும்
தமிழில் மெதுவாகவும் பேசுகிறவன்,
நோட்டைக் காட்டும் சாக்கில் வந்து
"நாளைக்கும் வருவீங்களா?" என்றான்.
"ஏஜென்சியத்தான் கேக்கணும்டா."
"அது யாரு?"
மிஸ் கோவை நானும் பார்த்ததில்லை.
அவள் வாட்ஸப் படத்தில் பூனை ஒன்று தூங்குகிறது.
"ஒரு பூனை," என்றேன்.
நம்பிவிட்டான்.

மறுநாள் காய்ச்சல், முப்பத்தொன்பது.
முடியாது என்று முதல் தடவையாகத் தட்டினேன்.
உடனே பதில்:
"பரவாயில்லை ஷென், ஆள் இருக்கு."
கூடவே ஒரு மஞ்சள் பூ.
அன்று முழுக்கப் போர்வைக்குள் மணி பார்த்தேன்.
பத்து ஐந்து, இடைவேளை முடிந்திருக்கும்.
ஹசீக் ஜன்னலுக்குப் போயிருப்பான்.
அந்த ஆளுக்கு யார் சொல்வார்கள்?

திங்களன்று, நான் உட்காருவதற்குள்ளேயே
கோள் வந்து சேர்ந்தது:
"அன்னிக்கு வந்த மிஸ்
உங்க பேனாவ எடுத்துட்டுப் போயிட்டாங்க."

நோட்டுகளைத் திறந்தேன்.
என் மையில் என்னுடையதல்லாத சரிக்குறிகள்,
இடப்பக்கம் சாய்ந்து, வால் நீண்டு.
பலகையில் நான் எழுதிய எட்டை
யுவதரன் மூன்றாக எழுதிவைத்திருந்தான்,
நாலு இடத்தில்.
நான் கவனக்குறைவு என்று எழுதியிருந்தேன்,
நாலு இடத்திலும்.

இருக்கைப் படத்தின் ஓரத்தில்
மிஸ் தவமலரின் பென்சிலுக்குக் கீழே
பச்சையில் ஒரு வரி, மணி அடிக்கும்போது எழுதிய எழுத்து:
யுவதரனுக்குப் பலகை தெரியவில்லை. முன்னால் உட்கார வை.

அவன் நாற்காலியைத் தூக்கினேன்.
பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு
பதினோரு அடிதான் இருக்கும்.

வரியின் கீழே பெயர் இல்லை.
ஏஜென்சியில் அவளை
எப்படி மடித்திருக்கிறார்களோ.