ஆவி

திரையில் செம்மஞ்சள் என்றால் ஒருகாலம் உயிரோடிருந்தது:
மா, சீனி, புத்தகம், பருத்திச் சேலை, தோல் செருப்பு.
நீலம் என்றால் இரும்பு.
பச்சை, இரண்டுக்கும் நடுவில் நிற்கிற சந்தேகம்.
கறுப்பு என்றால் கதிருக்கும் தெரியாது;
நான் எழும்பிப் போய்க் கையால் திறக்க வேண்டும்.

பலாலி. காலை ஒன்பது இருபது.
சென்னைக்கு நாற்பத்தொரு பேர்.
வேலிக்கு அங்கால் மயிலிட்டித் துறை;
காற்றுத் திரும்பினால் மீன் மணம் உள்ளே வரும்,
அதை நிறுத்த விதி இல்லை.
ஒடியல் மாவை இரண்டு தரம் நிறுத்திப் பார்த்தேன்.
இறுக்கிக் கட்டின ஒடியல் மாவும் வெடிமருந்தும்
என் திரையில் ஒன்றுவிட்ட சகோதரர்.

பிறகு வந்தது அந்தச் சாம்பல் பெட்டி.
நடுவில் கரிய கட்டி,
அதிலிருந்து பிரியும் சின்னச் சின்னக் குழாய்கள்,
ஓர் இதயத்தை யாரோ துவாயில் சுற்றி வைத்ததுபோல.

"குலவீரசிங்கம் ஆர்?"
வெள்ளைச் சேட்டு, மடிப்புக் கலையாத காற்சட்டை,
நகக்கண்ணில் மட்டும் பழைய கறுப்பு.
"பொதியை நீங்கள்தானே கட்டினீங்கள்?"
ஒரு நாளைக்கு நாற்பது தரம் கேட்கிறேன்.
ஒருவரும் இதற்கு யோசிப்பதில்லை. அவர் யோசித்தார்.
"ஓம் பிள்ளை. ஐம்பத்தெட்டு வயசில
ஆறுதலா இருந்து கட்டின முதல் பெட்டி."

துவாய்க்குள் துவாய். அதற்குள்
பதினைந்து குதிரைவலு எஞ்சினின் காபரேட்டர்.
"இதுக்குச் சாமான் இஞ்ச இல்லை.
மூண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினனான்,
நாலு நாள் வெயிலில வைச்சனான்.
ஒரு சொட்டு இல்லைப் பாருங்கோ."
தலைகீழாய்ப் பிடித்துக் காட்டினார்.
ஒரு சொட்டும் விழவில்லை.

குனிந்து மூக்கை வைத்தேன்.
இருந்தது.

நிரம்பின தாங்கி எரியும்,
வெறும் தாங்கிதான் வெடிக்கும்.
திரவம் போன இடத்தில் ஆவி நிற்கும்
காற்றோடு கலந்து, ஒரு பொறிக்காக.
பரீட்சையில் எழுதி ஐந்து புள்ளி வாங்கின வரி.
ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து
இன்றைக்குத்தான் சொன்னேன்.

அவர் சண்டை பிடிக்கவில்லை.
சுவரில் இருந்த பட்டியலைப் பார்த்தார்:
பற்றரி, மண்ணெண்ணெய், நெருப்புப்பெட்டி,
படம் படமாய், குறுக்கே சிவப்புக் கோடு.
சிரித்தார்.
"இந்தப் பட்டியல் எனக்குப் பழக்கம்.
தாண்டிக்குளத்தில பார்த்தனான்.
அப்ப உள்ளுக்குக் கொண்டு வரக்கூடாது.
இப்ப வெளியில கொண்டு போகக்கூடாது."
பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள்.
நான் சீருடையில் இருந்தேன்.

படிவத்தில் எழுதினேன்: எரிபற்றும் திரவம், எச்சம்.

வாசலில் நின்ற மச்சானிடம் கொடுத்தனுப்ப முதல்
அதை என் மேசையில் வைத்து
என் பேனையை வாங்கி
பயணச்சீட்டின் பின்பக்கத்தில் கீறினார்:
ஊசி, மிதவை, துளை,
எங்கே தேய்ந்தது, எவ்வளவு தேய்ந்தது.
வரிசை நீண்டது. யாரோ இருமினார்கள்.
நான் அவசரப்படுத்தவில்லை.

பெட்டி மறுபடி உள்ளே போனது.
இரண்டு சாரம், ஒரு சவரக் கத்திப்பெட்டி,
நடுவில் காபரேட்டர் அளவுக்கு ஒரு வெளிச்சம்.

கடைசிக் கதவில் சோதனைத் துணிக்கு
இரண்டு கையையும் நீட்டினார்.
முப்பது வருசம் அந்த எண்ணெயில் ஊறின கை.
மூன்றடி தள்ளி நின்ற எனக்கே மணத்தது.
இயந்திரம் பச்சை காட்டியது.
அது தேடுவது வேறு எதையோ.

"போங்கோ" என்றேன்.

விமானம் ஏறின பிறகுதான் பார்த்தேன்,
என் பேனை அவருடைய சேட்டுப் பையோடு போயிருந்தது.
மை.
அதுவும் ஒரு திரவம்.