இருபத்து மூன்றாவது ஆல்பம்

பட்டியல்
ரத்தக் கோரிக்கைப் படிவத்தின் பின்பக்கத்தில் இருந்தது.
நாற்பது ஆல்பங்கள்.
எழுதித் தந்தவர் ஆம்புலன்ஸ் ஓட்டும் இளவழுதி,
ரிச்சி தெருவில் ஒருகாலத்தில்
ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்த்தவர்.
"வரிசைய மாத்தாதீங்க மேடம்,
ராத்திரிக்கு ஒண்ணு" என்றார்,
மாத்திரை சொல்வதுபோல்.

கீழ்ப்பாக்கத்தில் ரத்த வங்கி. எனக்கு இரவுப் பணி.
ஒரு காதில் இயர்போன்,
மறு காது தொலைபேசிக்கு.
இங்கிலீஷ் பாட்டென்று எனக்குத் தெரிந்ததெல்லாம்
ரிசப்ஷனில் கேக் வெட்டும்போது போடுவது.

ஒன்று:
நான்கு பையன்கள்
ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு
படியிறங்கி ஓடுகிறார்கள்.
அரைமணியில் முடிந்தது. அதுவும் பிடித்தது.

நான்கு:
பாடுகிறவருக்குத் தொண்டையில் ஏதோ கோளாறு.
ஈஎன்டி-யில் காட்டலாம்.
ஆறாவது பாட்டில்
அந்தக் கோளாறு இல்லாமல் போய்விடுமோ என்று
பயமாக இருந்தது.

ஒன்பது:
பதினோரு நிமிடம் கிடார்.
மைக் கிடைத்த என் பெரியப்பா மாதிரி.
யாருமே தடுக்கவில்லை.

பன்னிரண்டு:
ஒரு பெண், ஒரு பியானோ.
கத்தவே இல்லை.
29சி-யில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து
சில்லறை எண்ணுகிறவள்போல் பாடினாள்.
ஸ்லைடில் சீரம் சொட்டவிட்டு
எண் எழுத மறந்தேன்.
கொட்டிவிட்டு முதலிலிருந்து,
சோதனையும் பாட்டும்.

பதினாறு: வரிகள் பிடிபடவில்லை.
தேடிப் படித்தேன்.
பிடிபட்டபின் அவ்வளவாக இல்லை.

பதினேழில் இயந்திரங்கள்.
சென்ட்ரிஃப்யூஜும் அதே சுருதியில் சுற்றியது,
அரை இழை தாழ்வாக.
அது நின்றபோது
பாட்டில் ஒரு ஆள் குறைந்துவிட்டார்.

பதினெட்டு.
தாளம் எடுக்குமுன் யாரோ இருமுகிறார்.
ஐம்பது வருடத்துச் சளி.
அழித்திருக்கலாம், விட்டிருக்கிறார்கள்.
அதை மட்டும் நான்கு முறை கேட்டேன்.

இருபத்து மூன்று எனக்கு ஒத்துவரவில்லை.
ஏழு நிமிடப் பாட்டு, ஒரே அடி,
தூங்குகிறவன் வீட்டுக் கதவைத்
தட்டிக்கொண்டே இருப்பதுபோல.
பாதியில் நிறுத்தினேன்.

அன்று ஐப்பசி மழை.
கெங்குரெட்டி சுரங்கப்பாதையை மூடிவிட்டார்கள்.
பிரசவ வார்டுக்கு ஓ நெகட்டிவ் வேண்டும்.
ஃப்ரிட்ஜில் அந்தத் தட்டு மட்டும் காலி.
பதிவேட்டைத் திறந்து எழுப்பத் தொடங்கினேன்.
ஒருவர் திருப்பதியில், ஒருவருக்குக் காய்ச்சல்,
ஒருவரின் மனைவி என்னை யாரென்று விசாரித்தார்.
ஏழாவது எண் தமீம்,
காசிமேட்டில் ஐஸ் உடைப்பவர்.
இரண்டு நாற்பதுக்கு வந்தார்
ரப்பர் பூட்ஸோடு, செதில்களோடு.
"சாப்டீங்களா?"
"மூணு புரோட்டா."

ஊசி ஏறியது. கையில் பந்து.
அழுத்துங்க, விடுங்க என்றால்
ஒருமுறை அழுத்திவிட்டுப் பையைப் பார்க்கிறார்.
மறுபடி அழுத்த மறந்து ஜன்னலைப் பார்க்கிறார்.
ரத்தம் யோசித்து யோசித்து இறங்கியது.
"என்னா கேக்குறீங்க?" என்றார்.
ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து
ஒரு பக்கத்தைக் காதில் வைத்தேன்.
எனக்குப் பிடிக்காத அந்தப் பாட்டு,
நிறுத்திய இடத்திலிருந்தல்ல, முதலிலிருந்து.

இரண்டாவது நிமிடம்
பந்து தானாக அசையத் தொடங்கியது.
ஐஸ் உடைக்கிற கை அது.
அடிக்கு அடி,
ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல்.
தொட்டிலில் பை ஆடியது.
வயரின் நீளத்துக்குள் நானும் குனிந்து நின்றேன்.
இந்தக் கதவைத் தட்டுகிறவனுக்கு
உள்ளே ஆள் இருப்பது தெரியும் என்று
அப்போதுதான் பட்டது.
பாட்டு அடங்கவும்
முந்நூற்றைம்பது மில்லி என்று மெஷின் கூவவும்
சரியாக இருந்தது.

"இன்னொரு வாட்டி?" என்றார் தமீம்.
"மூணு மாசம் ஆகணும்" என்றேன்.
"பாட்டைக் கேட்டேன் மேடம்."

அவருக்கு மாம்பழ ஜூஸ், இரண்டு பிஸ்கட்,
இன்னொரு ஏழு நிமிடம்.
தரையில் செதில்கள் ட்யூப்லைட்டில் மினுங்கின.
பெருக்கவில்லை.

இருபத்து நான்கு:
இயர்போனில் மீன் வாசனை.
மற்றது நினைவில்லை.