பாலத்தின் தென்முனை

ஹினோசே பள்ளத்தாக்கின் பழைய பாலம்
ஒரு நேரத்தில் ஒரு பக்க வண்டிகளுக்குத்தான் இடம் கொடுக்கும்.
வடமுனையில் ஒபினாத்தா, தென்முனையில் நான்.
கையில் சிவப்புக் கொடி ஒன்று, வெள்ளை ஒன்று,
தோளில் கரகரக்கும் வாக்கி டாக்கி.

அக்டோபர் கடைசியில் பதினெட்டு நாள்
எள் போட்டால் எள் விழாது இந்தச் சாலையில்.
செந்தாயிலிருந்து, நீகாத்தாவிலிருந்து,
கடல் தாண்டியும்கூட வருகிறார்கள்.
எல்லோர் முகமும் பள்ளத்தாக்கைப் பார்த்து.
என் முதுகும்.
கொடி பிடிப்பவர் வண்டியைத்தான் பார்க்க வேண்டும்,
விதிப் புத்தகம், நான்காம் பக்கம்.

ஆகவே இலையுதிர்காலம் எனக்கு
கார்களின் முன்கண்ணாடியில் வரும்.
தலைகீழாய், வளைந்து,
ஓட்டுகிறவரின் நெற்றிமேல் படிந்து.
வைப்பர் ஒருதரம் அசைந்தால்
ஒரு மலைச்சரிவு அழிந்து, மறுபடி முளைக்கும்.
கழுவாத லாரியில் மேப்பிள்கள் மங்கல்.
புதுக் காரில் கண் கூசும்.
ஆறு மட்டும் எதிலும் விழுவதில்லை.
அது என் குதிகாலுக்குள் இரைகிறது.

செவ்வாய்க்கிழமை, தூறல்.
சாம்பல் நிறச் சின்னக் கார், யமகாத்தா எண்.
ஓட்டியவளுக்கு முப்பது இருக்கலாம்.
இடப்பக்க இருக்கையில்
வெள்ளைத் துணியில் கட்டிய பெட்டி,
சீட் பெல்ட் போட்டு.
முடிச்சைப் பார்த்தாலே தெரியும்,
எரித்து மிஞ்சிய எலும்பு.

"நடுவில் ஒரு நிமிடம் நிற்கலாமா?"
நிற்கக் கூடாது.
மூன்று மொழியில் பலகை வைத்திருக்கிறோம்.
வெள்ளைக் கொடியை அசைத்தேன்.

போனாள். நடுவில் நின்றாள்.
பெட்டி இருந்த பக்கத்துக் கண்ணாடி
மெல்லக் கீழே இறங்கியது.

சிவப்பைத் தூக்கினேன்.
"மித்சுயோ, என்ன ஆச்சு அங்கே?"
"கமோஷிகா. மலையாடு. பாலத்தின் மேல் நிற்கிறது."
"விரட்டேன்."
"அதற்கு அவசரமில்லை."

பின்னால் ஒரு பேருந்து, அதன் பின்னால் பதினோரு வண்டி.
யாரும் ஹாரன் அடிக்கவில்லை, ஏனென்று தெரியவில்லை.
அவளைப் பார்க்கத்தான் திரும்பினேன்.
பள்ளத்தாக்கையும் பார்க்க வேண்டியதாயிற்று.

உச்சம் முடிந்து நாலு நாளாவது ஆகியிருக்கும்.
பாதி மரம் வெறுங்கிளை,
மீதியில் தேநீர்க் கறை.
இந்தக் கண்ணாடிகள் ஒன்றுகூட
என்னிடம் சொல்லவில்லை.
கிளைகளுக்கிடையே, வெகு கீழே,
சத்தமாக மட்டும் தெரிந்த ஆறு
பாசிப் பச்சையாக இருந்தது.

சாயங்காலம் வேனுக்குள்
சூடான காபி டின்னை என் பக்கம் தள்ளிவிட்டு
ஒபினாத்தா கேட்டான்:
"ஆடு எப்படி இருந்தது?"
"வெள்ளையாக."
வடமுனையில் அந்தக் காரை
அனுப்பி வைத்தவன் அவன்தான்.
வேறு ஒன்றும் கேட்கவில்லை.

பதிவேட்டில் எழுதினேன்:
2.40 முதல் 2.46 வரை போக்குவரத்து நிறுத்தம்.
காரணம், விலங்கு.
மை காயுமுன்
கீழே தன் முத்திரையைக் குத்தினான்,
கொஞ்சம் சாய்வாக.