தள்ளிக்கொண்டு போனோம்

மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு
இருபது வண்டி வரும் என்றார்கள்.
அறுபத்துமூன்று வரைக்கும் எண்ணினேன்,
பிறகு என் வண்டியைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் விட்டுவிட்டேன்.

எல்லோரும் ஹெல்மெட் போட்டிருந்தோம்.
இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்,
மறுநாள் பேப்பரில் வேறு மாதிரி வந்தது.

பக்கத்தில் மெகருன்னிசா.
அவள் வீட்டுக்காரர் ஆல்பேட்டை வளைவில்
மண்டை உடைந்து போனவர்.
ஹெல்மெட்டைப் பற்றி அவளுக்கு
எந்தச் சீருடையும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.
அவள் வந்தது ஸ்கூட்டிக்காக.
இன்சூரன்ஸ் முடிந்து நாலு நாள்,
பிடித்துக்கொண்டு போய் நாற்பத்தோரு நாள்.
சீட்டுக்கு அடியில் பன்னிரண்டு பாக்கெட் இட்லி மாவு இருந்தது,
அதையாவது எடுத்துக்கிறேன் சார் என்றிருக்கிறாள்.
எதையும் தொடக் கூடாது.

வண்டி நிற்கிறது,
தவணை ஓடுகிறது.

என் கதை சின்னது.
கூரியர் பையன் என்பார்கள், எனக்கு நாற்பத்தாறு வயது.
பக்கக் கண்ணாடி இல்லை என்று ஐந்நூறு.
கண்ணாடி மாட்டிய மறுநாள்
நம்பர் பலகையில் எழுத்து சாய்ந்திருக்கிறது என்று ஐந்நூறு.
அன்று முழுக்க நானும்
கொஞ்சம் சாய்ந்துதான் ஓட்டினேன்.

ஸ்டேஷன் பின்கட்டை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.
ஆரக்கால்களுக்குள் நுழைந்து மேலே வந்த கோரைப்புல்.
பெட்ரோல் டாங்குகளில் ஒரே உயரத்தில் சேற்றுக்கோடு,
கெடிலம் ஏறி வந்த வருடத்தில் போட்டது.
யாரோ ஒருவருடைய ஹேண்டில்பாரில்
கருத்துச் சுருங்கிய எலுமிச்சம்பழம்
இன்னும் திருஷ்டி கழித்துக்கொண்டிருக்கிறது.

யோசனை கலியவரதனுடையது,
சிப்காட்டில் மூன்றாவது ஷிப்டு பார்ப்பவன்.
"ஓட்டினாத்தானே சட்டம்?
தள்ளுறதுக்கு எவன் லைசென்ஸ் கேப்பான்?"

தள்ளினோம்.
இன்ஜின் அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டு,
மூன்று மூன்று வரிசையாக அண்ணா பாலத்தை நோக்கி.
ஹாரன் இல்லை, கோஷம் இல்லை.
செயின் மட்டும் டிக் டிக் டிக் என்று
அறுபத்துச் சொச்சம் கடிகாரக் கடைபோல.
தினமும் பறந்து கடக்கிற பாலம்
ஒரு மேடு என்று
அன்றைக்குத்தான் கெண்டைக்கால் சொன்னது.

வண்டி பறிபோனவர்களும் வரிசையில் வந்தார்கள்.
இரண்டு கையையும் முன்னால் நீட்டி
இல்லாத ஹேண்டிலைப் பிடித்தபடி
ஒரு வண்டி அகலத்துக்கு இடம் விட்டு நடந்தார்கள்.
முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது.
பின்னால் பஸ்காரன் கத்திக்கொண்டிருந்தான்,
இடம்தான் கிடக்குதே, ஒதுங்குங்கய்யா என்று.
அந்த இடத்துக்குள் யாரும் ஒதுங்கவில்லை.

லாரன்ஸ் ரோடு முனையில் நிறுத்தினார்கள்.
புதுசாய் வந்த கான்ஸ்டபிள், மீசை இன்னும் சரியாக வரவில்லை,
கையில் சலான் மெஷின்.
பழக்கதோஷத்தில் மெகருன்னிசாவைக் கேட்டான்:
"வண்டி எங்கம்மா?"

"உங்ககிட்டதான் தம்பி இருக்கு."

மெஷின் தானாக ஒரு வெள்ளைச் சீட்டைத் துப்பியது.
அதில் ஒன்றும் அச்சாகவில்லை.

மனு வாங்கிக்கொண்டார்கள்.
மனு வாங்குவதில் அவர்கள் ஒரு குறையும் வைப்பதில்லை.

ஐம்பத்தாறாம் நாள் அபராதம் கட்டி
அவள் ஸ்கூட்டியை மீட்டாள்.
ஸ்டார்ட் ஆகவில்லை.
ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தள்ளினாள்,
பின்னால் நான் ஒரு கை கொடுத்தேன்.
பாலத்தின் நடுவில் மூச்சு வாங்க நின்றபோது
சீட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

பொங்கி, வழிந்து, காய்ந்து,
சுண்ணாம்புப் பூச்சுபோல் உள்ளெல்லாம் ஒட்டியிருந்தது மாவு.
நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். வரவில்லை.
"நல்லாப் பொங்கியிருக்கு, பார்த்தீங்களா" என்றாள்.
வியாபாரம் செய்கிறவள் குரலில்தான் சொன்னாள்.
மறுபடி தள்ளினோம்.